எந்த அடி முதலில் விழுந்தது?

ஊத்துக்கோட்டை, பூண்டி பக்கம் செம்மண்ணில் கிடக்கும் குவார்ட்சைட் (மணற்கல் இறுகி உருவான கெட்டிப் பாறை) கற்களை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. ஆந்திர எல்லையை ஒட்டிய இந்த மண்ணில்தான், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தில், 1863-இல் புவியியலாளர்கள் இராபர்ட் புரூஸ் ஃபுட்டும் வில்லியம் கிங்கும் கைக்கோடாரிகளைப் பொறுக்கினார்கள்; பிடியில்லாமல் கையிலேயே பிடித்துப் பயன்படுத்த, ஆதி மனிதர் செதுக்கிய கல் கருவிகள் அவை. பின்னாளில் நடந்த அகழாய்வு அங்குள்ள பழைய கருவிகளின் வயதை 15 லட்சம் ஆண்டு என்றது.

இப்படிப்பட்ட கல்லை ஆய்வாளர்கள் இன்றும் கையால் வரைகிறார்கள். போட்டோ எடுத்தால் போதாதா? போதாது. கல்லின் நிறமும் கறையும் போட்டோவில் முந்திக்கொள்ளும், அடிபட்ட தடம் பின்னால் போய்விடும்.

தடம் என்பது இதுதான். கல்லின் விளிம்பில் ஓங்கி அடித்தால் ஒரு செதில் பெயரும். பெயர்ந்த இடத்தில், குளத்தில் கல் எறிந்தாற்போல, அடிபட்ட புள்ளியிலிருந்து வளைவு வளைவாக அலைகள் பதியும். வரைபவர் அந்த வளைவுகளையே கோடாகப் போடுகிறார். வளைவு எதை மையமாக வைத்திருக்கிறதோ, அங்கேதான் அடி விழுந்தது. பக்கத்துச் செதிலின் அலைகளைப் பாதியில் வெட்டிக்கொண்டு ஒரு தடம் முழு உருவத்தோடு நின்றால், அதுவே பிந்திய அடி. இப்படியே பின்னோக்கிப் போனால் செய்தவன் கை எந்த வரிசையில் ஓடியது என்று தெரிந்துவிடும். எனக்கு இந்தத் துறையில் பிடித்ததே இதுதான்.

மற்றதெல்லாம் வழக்கம்: வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து விழுவதாக வைத்துக்கொள்வார்கள், உடைபடாத பழைய மேல்தோலுக்குப் புள்ளி, அப்புறம் பக்கவாட்டுத் தோற்றம், அளவுகோல்.

இப்படிக் கல்லைப் படமாகப் போடுவது புதிதல்ல. இங்கிலாந்தின் ஹாக்ஸ்னில் கிடைத்த கைக்கோடாரிகளைப் பற்றி ஜான் ஃப்ரெர் 1797-இல் எழுதிய கடிதம், 1800-இல் செதுக்குப்படங்களோடு அச்சானது. உலோகம் அறியாத மக்களின் ஆயுதம் என்று தெளிவாகவே சொல்லியிருந்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1859-இல் தொல்லியல் ஆய்வாளர் ஜான் எவன்ஸ் லண்டனில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் அந்தக் கற்களையே பார்த்த பிறகுதான் விஷயம் சூடுபிடித்தது.

இங்கிலாந்துக்காரர்களுக்கு வாய்த்தது வழவழப்பான சிக்கிமுக்கிக் கல். அலை பளிச்சென்று தெரியும். நம் பக்கத்துக் குவார்ட்சைட்டோ சர்க்கரைக்கட்டி போல மணல்மணலாக உடையும். அதனால் வரைபவர் தொடர்கோட்டை விட்டுத் துண்டுக்கோடும் புள்ளியும் போடுகிறார். அதற்கு முன், கல்லைச் சாய்ந்த வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கண்ணுக்குப் பிடிபடாத பள்ளத்தை விரல்நுனியால் தடவிக் கண்டுபிடித்தாக வேண்டும்.