பதினோராம் எண் அறை

நச்சு சிகிச்சை பற்றி இளம் மருத்துவர்களுக்கு வகுப்பு எடுக்கும்போது 'சயனைடு' என்று சொன்னதும் எல்லோர் மனமும் ஒரே பக்கம்தான் போகும். தற்கொலை, நகைப்பட்டறை, இல்லாவிட்டால் துப்பறியும் கதை. அந்த நேரத்தில் நான் 1920 செப்டம்பரில் ஸ்டாக்ஹோம் நகரத்து ஹோட்டல் ஒன்றில் தங்கிய 32 வயது மனிதரைப் பற்றிச் சொல்வேன். அவர் விஷம் எதையும் குடிக்கவில்லை. யாரும் அவருக்குக் கொடுக்கவும் இல்லை. வேலை தேடி ஊரிலிருந்து வந்தார், அறை எடுத்தார், படுத்தார். அந்த அறையில் மூட்டைப்பூச்சிக்கு மருந்து அடித்திருந்தார்கள்.

அவர் பெயர் டான் ஆண்டர்சன். கவிஞர், நாவலாசிரியர். ஸ்வீடனில் உழைக்கும் மக்களின் இலக்கியம் என்று பேச்சு வந்தால் தவறாமல் சொல்லப்படும் பெயர். எனக்கு அவர் முதலில் அறிமுகமானது நச்சு வாயு விபத்துகளைப் பற்றிப் படித்தபோதுதான். அப்புறம் மொழிபெயர்ப்பில் அவருடைய கவிதைகளைத் தேடிப் படித்தேன். நோயாளியை 'கேஸ்' என்று சுருக்கிச் சொல்லும் பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. இவரை அப்படிச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் சாவைப் பேசுவதற்கு முன் வாழ்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1888 ஏப்ரல் 6-ஆம் தேதி, ஸ்வீடனின் டாலார்னா மாகாணத்தில் ஸ்காட்லோஸ்பெர்க் என்ற காட்டுக் கிராமத்தில் பிறந்தார். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்கு அடுத்த நூற்றாண்டிலும் பின்லாந்திலிருந்து வந்து, காட்டை வெட்டி எரித்து, அந்தச் சாம்பலில் ரை என்ற தானியத்தை விதைத்துப் பிழைத்த மக்கள் குடியேறிய பகுதி அது. காட்டு ஃபின்கள் என்று அவர்களைச் சொல்வார்கள். ஆண்டர்சனின் தந்தை வழியும் அந்த மக்களோடு சேர்ந்ததுதான். தந்தை அந்தக் கிராமத்தில் பள்ளி ஆசிரியர். பைபிளில் ஊறிய மனிதர். தாயும் ஆசிரியையாக வேலை பார்த்தவர். ஆசிரியர் வீடு என்றதும் வசதியான வீடு என்று நினைத்துவிட வேண்டாம். சம்பளம் சொற்பம், பிள்ளைகள் பலர். காட்டு வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும்.

காட்டு வேலை என்றால் மரம் வெட்டுவது, கரி சுடுவது. பெரிஸ்லாகென் என்று அழைக்கப்படும் அந்த வட்டாரம் முழுவதும் இரும்புச் சுரங்கங்களும் உலைகளும். அந்த உலைகளுக்குப் பல நூற்றாண்டுகளாகத் தீனி போட்டது மரக்கரி. நம் ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேல விறகை அடுக்கி மண் பூசிக் கரிமூட்டம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலையை விளக்கவே வேண்டாம். அங்கேயும் அதே மூட்டம்தான். கட்டைகளைச் செங்குத்தாக நிற்க வைத்து வட்டமாக அடுக்குவார்கள். மேலே ஊசியிலைக் கிளைகளைப் பரப்புவார்கள். அதற்கு மேல் கரித்தூளும் மண்ணும் கலந்து போர்த்துவார்கள். நடுவில் தீ வைத்த பிறகு வாரக்கணக்கில் அது புகைந்துகொண்டே இருக்க வேண்டும். தீப்பிடித்து எரிந்துவிடக் கூடாது, அணைந்துவிடவும் கூடாது.

அதனால் மூட்டத்துக்கு இரவும் பகலும் ஒருவர் காவல் இருந்தாக வேண்டும். உள்ளே வெந்து கட்டை சுருங்கச் சுருங்க மேல்மண் உள்வாங்கும். காவல்காரர் மூட்டத்தின் மேலேயே ஏறி, மிதித்தும் தட்டியும் பள்ளத்தை அடைக்க வேண்டும். கால் இறங்கிவிட்டால் கீழே கனல். தூங்கிவிட்டால் மூட்டம் பற்றிக்கொள்ளும், பல வார உழைப்பு ஒரே இரவில் சாம்பலாகும். தங்குவதற்கு மண் மூடிய ஒரு தாழ்ந்த குடிசை, உள்ளே கல்லடுப்பு, படுக்கப் பலகை. மூச்சுக்கு மூச்சு புகை. அந்தப் புகையில் இருப்பது கார்பன் மோனாக்சைடு. மருத்துவனாக இதைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. தலைவலியும் மயக்கமும் வந்தால் 'களைப்பு' என்று நினைத்துக்கொண்டு அப்படியே வேலையைத் தொடர்ந்த எத்தனை பேர் அந்தக் குடிசைகளில் இருந்திருப்பார்கள்!

ஆண்டர்சன் இந்த வாழ்க்கையை வேடிக்கை பார்த்து எழுதியவர் இல்லை, கரி சுட்டவர், காட்டில் வேலை செய்தவர். 14 வயதில், 1902-இல், அவரைத் தனியாக அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். மினசோட்டாவில் உறவினர்கள் இருந்தார்கள். குடும்பமே அங்கு போய்ப் பிழைக்க முடியுமா என்று பார்த்துவர வேண்டும். பதினாலு வயதுப் பையன் தோளில் எவ்வளவு பெரிய பொறுப்பு! சில மாதங்களில் திரும்பிவிட்டார். குடும்பம் போகவில்லை. பிறகு காட்டு வேலை, விற்பனை வேலை, மது ஒழிப்பு இயக்கத்துக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசும் வேலை என்று வருடங்கள் ஓடின. வயலினும் அக்கார்டியனும் வாசிப்பார்.

1914-இல் லுட்விகா நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ப்ருன்ஸ்விக் மக்கள் உயர்பள்ளியில் சேர்ந்தார். தொழிலாளர்களும் விவசாயிகளும் பரீட்சைக் கவலை இல்லாமல் வளர்ந்த வயதில் போய்ப் படிக்கும் பள்ளி அது. அதே வருடம் முதல் புத்தகம் வந்தது, கரி சுடுவோரைப் பற்றிய கதைகள். அடுத்த வருடம் 'கரிக்காவலனின் பாடல்கள்' என்ற கவிதைத் தொகுப்பு. 1917-இல் 'கறுப்புக் கதைப்பாடல்கள்'. பிறகு இரண்டு நாவல்கள்: 1918-இல் 'வீடற்ற மூவர்', 1919-இல் 'டாவிட் ராம் விட்டுச்சென்றது'. இரண்டிலும் அவருடைய சொந்த வாழ்க்கையின் நிழல் உண்டு. நடுவில் கோதன்பர்க் நகரத்தில் தொழிலாளர் பத்திரிகை ஒன்றில் வேலை பார்த்தார். ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங்கையும் பிரெஞ்சுக் கவிஞர் போதலேரையும் ஸ்வீடிஷில் மொழிபெயர்த்தார். 1918-இல் ஒல்கா தூரெசொன் என்ற ஆசிரியையைத் திருமணம் செய்துகொண்டார். முதல் புத்தகத்திலிருந்து சாவு வரை மொத்தம் ஆறே வருடம்.

நாவல்களைவிட அவருடைய கவிதைகளே என்னைப் பிடித்துக்கொண்டன. அவற்றில் வருபவர்கள் பிச்சைக்காரர்கள், ஊர் ஊராக வாசித்துத் திரியும் இசைக்காரர்கள், மரம் வெட்டிகள், குடிகாரர்கள். 'லுவொஸ்ஸா பிச்சைக்காரனைச் சுற்றி' என்ற கவிதையில் தீயைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் ஒரு பிச்சைக்காரன். மலைகளுக்கு அப்பால், பூக்களுக்கும் பாட்டுக்கும் அப்பால், தன் கொதிக்கும் நெஞ்சுக்கும் பின்னால் ஏதோ ஒன்று இருக்கிறது என்று அவன் சொல்கிறான். கூட்டத்தில் கடைசி ஆளாக இருப்பவனை நடுவில் உட்கார வைத்து மற்றவர்களைக் கேட்க வைக்கிறார் ஆண்டர்சன். இன்னொரு கவிதையில் ஒரு நாட்டுப்புற இசைக்காரனின் பிணத்தை விடியற்காலையில் ஊரிலிருந்து தூக்கிப்போகிறார்கள். பெரிய மனிதர் சாவுக்கு எழுதும் இரங்கற்பாவுக்குக் குறையாத மரியாதை அந்தப் பாடலில் இருக்கிறது. கரிக்காவல் இரவுகளைப் பற்றிய கவிதைகளில் எரியும் கட்டையின் பக்கத்தில் காத்திருப்பவனும் நட்சத்திரமும் நேரமும் மட்டும்தான். வேலையின் அலுப்பையும் கடவுளைத் தேடும் ஏக்கத்தையும் ஒரே வரியில் வைக்க அவரால் முடிந்திருக்கிறது. அந்த இரண்டும் அவர் வளர்ந்த வீட்டிலேயே சேர்ந்துதான் இருந்தன.

1920 செப்டம்பரில் ஸ்டாக்ஹோம் வந்தது ஒரு பத்திரிகையில் வேலை கேட்பதற்காக. ப்ரிக்கர்காதன் தெருவில் ஹெல்மன் ஹோட்டல், அறை எண் 11. அந்த அறையில் மூட்டைப்பூச்சியை ஒழிக்க ஹைட்ரஜன் சயனைடு வாயு பயன்படுத்தியிருந்தார்கள். அதன்பின் அறையைச் சரியாகக் காற்றோட்டம் விடவில்லை. செப்டம்பர் 16-ஆம் தேதி அவர் இறந்து கிடந்ததைக் கண்டார்கள். அதே ஹோட்டலில் தங்கியிருந்த காப்பீட்டு அலுவலர் ஒருவரும் இறந்திருந்தார். ஆண்டர்சனை லுட்விகாவுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

இந்த வாயுவின் வேலையை என் மாணவர்களுக்கு இப்படித்தான் சொல்வேன். பந்தியில் இலை போட்டு, சோறும் பரிமாறி, சாப்பிடுகிறவர் கையை மட்டும் கட்டிவிட்டால் எப்படி இருக்கும்? நுரையீரல் ஆக்சிஜனை இழுக்கிறது, ரத்தம் கொண்டுபோய்க் கொடுக்கிறது. ஆனால் செல்லுக்குள் அதைப் பயன்படுத்தும் நொதியைச் சயனைடு பிடித்துக்கொள்கிறது. மூளையும் இதயமும் முதலில் அடிபடும். அளவு அதிகமானால் சில நிமிடம் போதும். கசப்பு பாதாம் வாசனை வரும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் மரபு காரணமாக அந்த வாசனையையே உணர முடியாதவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். தூங்குகிறவருக்கு வாசனை தெரிந்தும் பயனில்லை. இன்னொன்றும் உண்டு. சுமார் 26 டிகிரி வெப்பத்தில் கொதிக்கும் பொருள் இது. மெத்தை, தலையணை, போர்வை எல்லாம் இதை உறிஞ்சி வைத்துக்கொண்டு, அறையை மூடியதும் மெல்ல மெல்ல வெளியே விடும். பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு 'காற்றாட விட்டாச்சு' என்று சொல்ல முடியாது.

இந்த ஹைட்ரஜன் சயனைடை 1782-இல் முதன்முதலில் பிரித்தெடுத்தவரும் ஒரு ஸ்வீடன்காரர்தான், மருந்துக்கடை நடத்திய வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. ஆக, அந்த ஹோட்டல் அறையில் இது புரியாத பொருளாக இருந்திருக்கவில்லை. 138 வருடமாகத் தெரிந்த விஷம். தெரிய வேண்டிய ஒரே ஆளுக்கு, அறைக்குள் படுக்கப் போனவருக்கு, யாரும் சொல்லவில்லை.

ஆண்டர்சனின் கவிதைகளில் சாவு அடிக்கடி வரும். அதை வைத்துக்கொண்டு, தன் முடிவு அவருக்கு முன்பே தெரிந்திருந்தது, விதி அப்படி என்று உருகுகிறவர்கள் இருக்கிறார்கள். என்னால் அதை ஏற்க முடியாது. ஏழைகள் சாகும் இடத்தில் வளர்ந்த கவிஞர் சாவைப் பற்றி எழுதத்தான் செய்வார். பதினோராம் எண் அறையில் நடந்தது கவித்துவமான முடிவு என்று சொல்வது, கவனக்குறைவுக்கு மாலை போடுவது. இரண்டு ஜன்னலும் ஒரு முழு நாளும், மெத்தையை வெளியே எடுத்துப் போட ஒரு ஆளும் இருந்திருந்தால் அவருக்கு 33 வயது வந்திருக்கும்.

இன்று விடுதி அறைகளில் ஹைட்ரஜன் சயனைடு அடிப்பதில்லை. அதற்காக இந்தக் கதை பழையதாகிவிடவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் இப்போது எங்களைப் பயமுறுத்துவது அலுமினியம் பாஸ்பைடு. தானியத்துக்கு வைக்கும் மாத்திரை. காற்றிலுள்ள ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயுவை விடும். இந்தியாவில் இதை யார் வேண்டுமானாலும் வாங்கிப் பயன்படுத்த அனுமதி இல்லை, அரசு அமைப்புகளுக்கும் அரசு அங்கீகாரம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் மட்டும்தான். ஆனாலும் எலிக்கு, கரப்பானுக்கு, மூட்டைப்பூச்சிக்கு என்று வீட்டுக்குள் வந்துவிடுகிறது. சயனைடுக்காவது முறிவு மருந்து இருக்கிறது. பாஸ்பீனுக்கு இல்லை.

ஒரு இரவு, ஒரே வீட்டிலிருந்து அம்மாவும் மகனும் வாந்தியோடு வந்தார்கள். ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். பார்க்க அப்படித்தான் இருந்தது. ஆனால் பையனின் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது, வெறும் வாந்திக்கு அது பொருந்தவில்லை. மூன்றாவது தடவை துருவிக் கேட்டபோதுதான் அந்த அம்மா சொன்னார்: "நேத்து எலிக்கு மாத்திரை வச்சாங்க சார். எங்க ரூம்ல இல்ல, பக்கத்து ரூம்ல." அப்பா வாசலில் கட்டில் போட்டுப் படுத்தவர், அவருக்கு ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் பிழைத்தார்கள். பையனுக்கு ஐந்து நாள் தீவிர சிகிச்சை தேவைப்பட்டது.

பக்கத்து அறை என்பதற்கு வாயுவிடம் பொருளில்லை. கதவிடுக்கு, ஏசி குழாய் ஓட்டை, சுவர் விரிசல் எதிலும் வரும். அதனால் மருந்து அடிக்க வருகிறவரிடம் மருந்தின் பெயரையும், எத்தனை மணி நேரம் மூட வேண்டும், எத்தனை மணி நேரம் திறந்து வைக்க வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், கேட்பதில் வெட்கம் வேண்டாம். அன்று இரவு அந்த வீட்டில் யாரும் தங்கவே வேண்டாம், முக்கியமாகக் குழந்தைகள். மெத்தையையும் தலையணையையும் வெயிலில் போடுங்கள். வாசனை இல்லையே என்று மூக்கை நம்பாதீர்கள். வைத்த மாத்திரையைக் கண்டால் தண்ணீர் ஊற்றிக் கழுவவே கூடாது, வாயு இன்னும் வேகமாகக் கிளம்பும். தலைவலி, குமட்டல், நெஞ்சு அடைப்பு எது வந்தாலும் முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள், அப்புறம் 108-ஐ அழையுங்கள். மருந்தின் உறை கையில் கிடைத்தால் எடுத்து வாருங்கள், இல்லாவிட்டால் அதைத் தேடி மறுபடி உள்ளே போகாதீர்கள்.

ஸ்காட்லோஸ்பெர்க்கில் ஆண்டர்சன் எழுதிய சிறு வீடு இன்று நினைவில்லம். வாழ்ந்தபோது கிடைக்காத வாசகர்கள் செத்த பிறகு வந்தார்கள், பெரும்பாலும் பாட்டு வழியாக. அவருடைய மனைவியின் சகோதரர் குன்னார் தூரெசொன் பல கவிதைகளுக்கு மெட்டமைத்தார். பிச்சைக்காரன் பாட்டு 1970-களில் ஸ்வீடிஷ் வானொலியின் பிரபலப் பாடல் வரிசையில் 52 வாரம் நின்றது. படிக்காதவர்களும் அவரைப் பாடுகிறார்கள். அவருக்கு அது பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எங்கள் பிரிவில் ஒரே வீட்டிலிருந்தோ ஒரே விடுதியிலிருந்தோ இரண்டு பேர் வாந்தி, மயக்கம் என்று வந்தால், என்ன சாப்பிட்டீர்கள் என்பதற்கு முன்னால் இன்னொரு கேள்வியைக் கேட்கும்படி மாணவர்களைப் பழக்கியிருக்கிறேன்: "நேத்து ராத்திரி எந்த ரூம்ல தூங்குனீங்க?"