பயோடீசல்: கலப்பும் கலப்படமும்

கிருஷ்ணகிரிப் பக்கத்து லாரி செட்டுகளில் ‘பயோடீசல்’ என்று பேச்செடுத்தால் சிலருக்குக் காட்டாமணக்கு நினைவுக்கு வருகிறது. சிலருக்கு, பங்க் விலையைவிடக் குறைவாகப் பேரலில் வந்து இறங்கும் ஏதோ ஓர் எண்ணெய் நினைவுக்கு வருகிறது. முன்னது ஒரு செடி. பின்னது பல நேரங்களில் பெட்ரோலியத்திலிருந்தே வந்த மலிவான தொழிற்சாலை எண்ணெய். இரண்டுமே பயோடீசல் அல்ல. தாவர எண்ணெயையோ விலங்குக் கொழுப்பையோ வேதிவினையால் மாற்றி, டீசலோடு கலக்க எடுக்கும் எரிபொருளே பயோடீசல். ஒரு சொல் இவ்வளவு தடம் புரண்டதற்கு அந்தச் சொல்லின் அமைப்பே பாதிக் காரணம் என்பது என் எண்ணம்.

‘பயோ’ என்பது கிரேக்கத்தின் ‘பியோஸ்’. வாழ்வு, உயிர் என்று பொருள். ‘டீசல்’ ஒரு மனிதரின் குடும்பப் பெயர். 1858இல் பாரிஸில் பிறந்த ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் 1892இல் தமது எஞ்சினுக்குக் காப்புரிமை கேட்டார். 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் அது முழு வெற்றியுடன் ஓடியது. அவர் பெயர் முதலில் எஞ்சினுக்கு ஆயிற்று, பிறகு எஞ்சின் குடிக்கும் எண்ணெய்க்கும் ஆயிற்று. ஆக, ‘உயிர்’ என்ற சொல்லோடு ஒரு பொறியாளரின் பெயரை ஒட்டவைத்ததுதான் பயோடீசல். எண்ணெய் என்ற குறிப்பே அதில் இல்லை. எண்ணெயை என்ன செய்தார்கள் என்பதும் இல்லை.

இங்கே பரவலாக உலவும் ஒரு பிழையைச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் ஆகஸ்ட் 10ஆம் நாளை உலக உயிரி எரிபொருள் நாளாகக் கொண்டாடுகிறார்கள். 1893இல் அந்த நாளில் டீசல் தம் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டினார் என்று ஆண்டுதோறும் எழுதுகிறார்கள். அன்று ஆக்ஸ்பர்க்கில் முதல் மாதிரி எஞ்சின் தன் சொந்த பலத்தில் இயங்கியது என்பது மட்டுமே உண்மை. கடலை எண்ணெய் வந்தது 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில். ஓட்டியதும் டீசல் அல்லர், ஓட்டோ என்ற பிரெஞ்சு எஞ்சின் நிறுவனத்தார். தன் குடியேற்ற நாடுகள் தம் மண்ணில் விளைந்த எண்ணெயிலேயே எஞ்சின் ஓட்டட்டும் என்று பிரெஞ்சு அரசு விரும்பியதால் நடந்த காட்சி அது. அதுவும்கூட இன்றைய பொருளில் பயோடீசல் அல்ல. செக்கில் ஆட்டியதுபோன்ற வெறும் எண்ணெய்தான்.

வெறும் எண்ணெய்க்கும் பயோடீசலுக்கும் நடுவே ஒரு வேதிவினை இருக்கிறது. தாவர எண்ணெயானாலும் விலங்குக் கொழுப்பானாலும், அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் ஒரு கிளிசராலைப் பற்றியிருக்கும். மெத்தனால் என்ற சாராய வகையும் காஸ்டிக் சோடா போன்ற காரம் சிறிதும் சேர்த்துச் சூடாக்கிக் கலக்கினால், சங்கிலிகள் கிளிசராலை விட்டுவிட்டு மெத்தனாலோடு சேர்ந்துகொள்ளும். மேலே நிற்பது மெத்தில் எஸ்டர். அடியில் தங்குவது அந்தக் கிளிசரால், வழக்கில் கிளிசரின். 100 கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 10 கிலோ மெத்தனால் போனால், ஏறத்தாழ 100 கிலோ எஸ்டரும் 10 கிலோ கிளிசரினும் கிடைக்கும். அந்த எஸ்டருக்குத்தான் பயோடீசல் என்று பெயர். 1937இல் பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஷவான் பனை எண்ணெயை எத்தில் எஸ்டராக்கிக் காப்புரிமை பெற்றபோது பொருள் பிறந்துவிட்டது. பெயர் பரவியது பல பத்தாண்டுகள் கழித்துத்தான்.

நம் பக்கத்து மூலப்பொருள் என்றால் புங்கன். தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் போனால் அதே மரம் கன்னடத்தில் ஹொங்கே, தெலுங்கில் கானுக. எல்லைக்கு அப்பால் ஹாசன் மாவட்டம் மடேனூரில் கர்நாடகம் ஓர் உயிரி எரிபொருள் பூங்காவே வைத்திருக்கிறது. புங்கங்கொட்டையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் இருக்கும். கசப்பு எண்ணெய், சமையலுக்கு ஆகாது, அதனால் சோற்றோடு போட்டியில்லை. ஆனால் ஈரத்தில் கிடந்த கொட்டையின் எண்ணெயில் கிளிசராலை விட்டுப் பிரிந்த கொழுப்பு அமிலம் ஏறிவிடும். அதில் நேரடியாகக் காரத்தைப் போட்டால் ஒரு பகுதி சோப்பாகிவிடும். முதலில் அமிலத்தைக் கொண்டு ஒரு சுற்று பக்குவம் செய்தாக வேண்டும். வீட்டுக் கொல்லையில் ‘பயோடீசல் காய்ச்சுவது எப்படி’ என்று வழி சொல்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

பெயர் மறைத்த இந்த வினை வண்டியில் வெளிப்படும். தாவர எண்ணெயின் குழகுழப்பு டீசலைப்போல் பத்து மடங்கு. எஸ்டரானதும் அது டீசலுக்கு அருகில் வந்துவிடும். கிணற்று மேட்டில் நின்று மெதுவாக ஓடிய பழைய டீசல் எஞ்சின் வெறும் புங்க எண்ணெயைக்கூடக் கொஞ்ச காலம் சகித்துக்கொள்ளும். எல்லா சிலிண்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து எரிபொருள் தரும் இன்றைய காமன் ரெயில் எஞ்சின் அப்படியல்ல. 1,600 பாருக்கும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தம்) மேற்பட்ட அழுத்தத்தில், முடியளவே ஆன துளைகள் வழியாக எரிபொருளைப் பீய்ச்சுகிறது அதன் இன்ஜெக்டர். அங்கே குழகுழப்பான எண்ணெய் சரியாகச் சிதறாது, முழுதாக எரியாது, நாசில் முனையில் கரியாகப் படியும்.

சரியாக எஸ்டராக்கிய பயோடீசலிலும் அளவு முக்கியம். ‘பி’ என்ற எழுத்தும் எண்ணும் அதற்குத்தான்: பி7 என்றால் நூறு லிட்டரில் ஏழு லிட்டர் பயோடீசல், மீதி சாதா டீசல். பங்க் டீசலுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 1460, ஏழு சதவீதம் வரை அனுமதிக்கிறது. எட்டு முதல் இருபது வரைக்குத் தனித் தரம், ஐஎஸ் 16531. கலக்காத பயோடீசலுக்கு ஐஎஸ் 15607. 2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2030க்குள் ஐந்து சதவீதக் கலப்பை எட்டச் சொல்கிறது. இன்றைய நிலைக்கு அது தொலைவிலுள்ள இலக்கு.

ஏழு வரை எந்த பிஎஸ் 6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டியும் தாங்கும். அதற்கு மேல் போக, வண்டிக் கையேட்டில் அனுமதி இருக்க வேண்டும். இதற்குக் காரணம் 2020 ஏப்ரல் 1 முதல் கட்டாயமான பிஎஸ் 6 வண்டிகளின் புகைக்கரி வடிகட்டி. வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க, எஞ்சின் சில வேளைகளில் கூடுதலாக டீசலைத் தாமதித்துப் பீய்ச்சி வெப்பத்தை ஏற்றும். அப்போது எரியாத துளிகள் சிலிண்டர் சுவரில் வழிந்து எஞ்சின் ஆயிலில் இறங்கும். சாதா டீசலின் பெரும்பகுதி அந்தச் சூட்டில் ஆவியாகிவிடும். பயோடீசலின் கொதிநிலை 330 டிகிரிக்கும் மேல். அது ஆயிலிலேயே தங்கிவிடும். தொப்பூர் மேட்டில் பாரம் ஏற்றி ஏறி இறங்கும் லாரியின் வடிகட்டி தானாகவே சூடேறிச் சுத்தமாகும். தருமபுரி நகருக்குள்ளேயே நின்று நின்று சுற்றும் பள்ளி வேனுக்குத்தான் வினை. ஆயில் குச்சியில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போனால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். ஆயில் நீர்த்துவிட்டது என்று பொருள்.

நன்மையும் உண்டு. எஸ்டரில் ஆக்சிஜன் இருப்பதால் புகைக்கரி குறைவு. கந்தகம் நீக்கிய டீசலுக்குக் குறைந்துபோன வழவழப்பைச் சிறிதளவு பயோடீசலே மீட்டுத்தரும். ஆனால் தயாரிப்பில் சரியாகக் கழுவாத காரத்தின் சோடியம், பொட்டாசியம் எச்சம் இருந்தால் அது புகைக்கரி வடிகட்டியில் சாம்பலாகப் படியும். கரி எரிந்துபோகும், சாம்பல் எரியாது. மைலேஜில் பி20க்கு ஓரிரண்டு சதவீத இழப்பு, அவ்வளவே. பழைய லாரிக்கு முதன்முறை ஊற்றினால் டேங்க்கில் பல்லாண்டாகப் படிந்த அழுக்கைக் கரைத்து பில்டரை அடைக்கும். ஒரு பில்டர் கையிருப்பில் வைத்துக்கொள்வது நல்லது.

ஓடும் வண்டியைவிட நிற்கும் எஞ்சினுக்கே ஆபத்து அதிகம். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளின் ஜெனரேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பருவம் முடிந்தால் மாதக்கணக்கில் ஓய்வு. டேங்க்கில் அதிகக் கலப்புள்ள டீசல் கிடந்தால், காற்றுப்பட்டு எண்ணெய் காறிப்போவதுபோலவே அதுவும் காறிப்போகும், பிசின் கட்டும். ஈரத்தை இழுத்து அடியில் நீர் சேர்த்துக்கொள்ளும். அந்த நீரில் நுண்ணுயிரிகள் வளரும். பனை எண்ணெயிலிருந்து வந்த கலக்காத பயோடீசல் 15 டிகிரியை ஒட்டியே மங்கத் தொடங்கும் என்பதால், மார்கழி விடியலில் தளியில் அதைப் பேரலில் வைத்திருப்பவர் கவனிக்க வேண்டும்.

இனித் தமிழ்ப் பெயர். ‘உயிரி டீசல்’ என்பது வழக்கில் நிலைத்துவிட்டது. ‘உயிரி’ என்றால் தமிழில் உயிருள்ள ஒன்று; நுண்ணுயிரி என்கிறோம். அப்படிப் பார்த்தால் உயிரி டீசல் என்பது மேலே சொன்ன அடித்தண்ணீர் டேங்க்குக்கே பொருந்தும் என்று கேலி செய்யலாம். ஆனாலும் உயிரி எரிபொருள், உயிரி எரிவாயு என்ற வரிசையில் அது அமைவதால் ஏற்கலாம். ‘தாவர டீசல்’ கூடாது. விலங்குக் கொழுப்பிலும், கடையில் பலமுறை பொரித்துக் கழித்த எண்ணெயிலும் இதைச் செய்கிறார்கள். ‘பசுமை டீசல்’ அறவே கூடாது. அது வேறு பொருளின் பெயர்: எண்ணெயோடு ஹைட்ரஜனைச் சேர்த்து எடுக்கும் அந்த எரிபொருள் எஸ்டரே அல்ல. ‘மூலிகை’ என்ற சொல்லை எரிபொருளோடு சேர்ப்பதைத் தமிழ்நாடு 1996இல், ராமர் பிள்ளை அறிவித்த ‘மூலிகை பெட்ரோல்’ விவகாரத்தில், ஒருமுறை பார்த்துவிட்டது, போதும்.

‘டீசல்’ பகுதியையும் பெயர்க்க வேண்டுமா? பெட்ரோலியத்தில் கல், எண்ணெய் என்ற இரு பொருள்கள் இருந்ததால் ‘கன்னெய்’ அழகாக அமைந்தது. எள்ளின் நெய்யாகிய எண்ணெய், விளக்கெண்ணெய், மண்ணெண்ணெய் என்று விரிந்ததும் அப்படித்தான். ஆள் பெயரில் பெயர்க்க ஒன்றுமில்லை. விட்டுவிடலாம்.

பெயரைவிட எனக்குக் கவலை தருவது அதன் துணைச்சொல். பயோடீசல் ‘கலந்தது’ என்றவுடன் நம் காதில் கலப்படம் என்றே விழுகிறது. தமிழ் இரண்டையும் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது. அளவும் தரமும் சொல்லிச் சேர்ப்பது கலப்பு. மறைத்துச் சேர்ப்பது கலப்படம். 2019இல் மத்திய அரசு வெளியிட்ட விற்பனை நெறிமுறைகளும் ‘டீசலோடு கலப்பதற்கான பயோடீசல்’ என்றே பேசுகின்றன. விற்பவர் பதிவு பெற்றிருக்கவும் வேண்டும். பேரலில் வருவதை அப்படியே டேங்க்கில் ஊற்றலாம் என்பவர் விற்பது எதுவானாலும், அந்த நெறிமுறை சொல்லும் பொருள் அதுவல்ல. ஆகவே ரசீதிலும் பலகையிலும் ‘பயோடீசல்’ என்று மொட்டையாக எழுதாமல், ‘உயிரி டீசல் கலப்பு, 7%’ என்றோ ‘கலக்காத உயிரி டீசல், ஐஎஸ் 15607’ என்றோ எழுத வேண்டும். எண் இல்லாத ரசீதை வாங்க மறுக்க லாரி உரிமையாளருக்கு உரிமை உண்டு.