வாராக்கடன் எந்த ஆண்டின் செலவு?

மதுரை கீழமாசி வீதியின் மளிகை மொத்தக் கடைகளுக்கு உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கங்களிலிருந்து வரும் சில்லறைக் கடைக்காரர்கள் பலர், பழைய பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டிவிட்டுப் புதிய சரக்கைப் பற்றில் எழுதச் சொல்லி ஏற்றிச் செல்கிறார்கள். சரக்கு கைமாறிய அன்றே அது விற்பனையாகி லாபமும் கணக்கில் ஏறிவிடுகிறது. பணம் மட்டும் கடனாளியின் பெயரில் வெளியே நிற்கிறது. அதில் ஒரு பங்கு வராது என்பது வியாபாரிக்குத் தெரியும். யாரிடமிருந்து வராது என்பதுதான் தெரியாது.

கடையை மூடிக்கொண்டு ஆள் போன பிறகே அந்தப் பாக்கியை நட்டம் என்று எழுதினால், லாபம் ஓர் ஆண்டிலும் அதே விற்பனையின் நட்டம் அடுத்த ஆண்டிலும் விழுகின்றன. முதல் ஆண்டின் லாபம் மிகையாகத் தெரிவதால், அதை நம்பி முதலாளி வீட்டுச் செலவுக்குக் கூடுதலாக எடுத்துவிடுகிறார். இதைத் தவிர்க்கவே, வராமல் போகக்கூடிய தொகையை விற்பனை நடந்த ஆண்டிலேயே மதிப்பிட்டுச் செலவாக எழுதும் ஐயக்கடன் ஒதுக்கு என்னும் முறை இருக்கிறது.

ஒரு கற்பனைக் கடையில் மார்ச் 31 அன்று மொத்தப் பாக்கி ரூ.4,00,000 என்று கொள்வோம். அதை வயதுவாரியாகப் பிரிக்க வேண்டும். 30 நாளுக்கு உட்பட்ட ரூ.2,40,000-க்கு 1 சதவீதம், 90 நாள் வரையிலான ரூ.1,00,000-க்கு 5 சதவீதம், 180 நாள் வரையிலான ரூ.40,000-க்கு 20 சதவீதம், அதையும் தாண்டிய ரூ.20,000-க்கு 50 சதவீதம் என ஒதுக்கினால் மொத்தம் ரூ.25,400 வரும். இது லாப நட்டக் கணக்கில் செலவாகும். இருப்புநிலைக் குறிப்பில் கடனாளிகளின் நிகர மதிப்பு ரூ.3,74,600 என நிற்கும்.

ஜூலையில் ரூ.9,000 பாக்கி வைத்திருந்த ஒருவர் கடையை மூடிவிடுகிறார். அந்தத் தொகையை ஒதுக்கில் பற்றும் அவர் கணக்கில் வரவும் வைத்து இரண்டிலிருந்தும் கழிக்கிறோம். இதுவே போக்கெழுதுதல். மற்றவை மாறாதிருந்தால் கடனாளிகள் ரூ.3,91,000, ஒதுக்கு ரூ.16,400, நிகர மதிப்போ அதே ரூ.3,74,600. போக்கெழுதிய அன்று புதிய நட்டம் எதுவும் பிறக்கவில்லை, ஏனெனில் அது மார்ச்சிலேயே கணக்கில் வந்துவிட்டது. இந்த முறையின் உயிர்நாடி இதுதான் என்று நான் கருதுகிறேன். அடுத்த மார்ச்சில் ரூ.28,000 ஒதுக்கு தேவைப்பட்டால், குறையும் ரூ.11,600 மட்டுமே புதிய செலவு.

மேற்கண்ட சதவீதங்கள் எடுத்துக்காட்டுக்கானவை. உண்மையானவற்றை அவரவர் பழைய பேரேட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். நெல் அறுவடைப் பணம் கைக்கு வந்த பின் கட்டும் மேலூர்க் கடைக்காரரின் 100 நாள் பாக்கி இயல்பானதாக இருக்கலாம். அன்றாடம் கல்லா நிறையும் நகரத்து டீக்கடையின் 40 நாள் பாக்கியே கவலைக்குரியது. இருவரையும் ஒரே அட்டவணையில் அடைப்பது தவறு. நிகர லாபம் 4 சதவீதமாக உள்ள கடையில் ரூ.9,000 போனால், அதை ஈடுகட்ட ரூ.2,25,000-க்கு விற்றாக வேண்டும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வருமான வரியில் சாதாரண வியாபாரிக்கு இந்த ஒதுக்கு கழிவாகாது. முன்பு வருமானமாகக் காட்டிய பாக்கியைப் போக்கெழுதிய ஆண்டில்தான் கழிவு கிடைக்கும். அந்த விற்பனைக்குக் கட்டிய ஜிஎஸ்டியும் திரும்பி வராது.

போக்கெழுதுவதால் கடன் தள்ளுபடியாகிவிடுவதில்லை. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி இத்தகைய பாக்கிக்கு வழக்கிட பொதுவாக மூன்று ஆண்டுகள் உண்டு. அதற்குள் கடனாளி பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அந்நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் புதிதாகத் தொடங்கும். கடையை மூடியவர் பின்னொரு நாள் ரூ.3,000 கொண்டுவந்து கொடுத்தால், முதலில் அத்தொகையை அவர் கணக்கில் மீண்டும் பற்று வைத்து ஒதுக்கில் வரவு வைக்க வேண்டும். அதன் பிறகே ரொக்கத்தைப் பற்று வைத்து அவர் கணக்கை வரவு வைக்க வேண்டும். நேரே ரொக்க வரவாக மட்டும் எழுதிவிட்டால், அவர் திரும்ப வந்து கட்டிய செய்தி அவருடைய பேரேட்டுப் பக்கத்தில் இடம்பெறாமலே போய்விடும்.