காளானில் எடை மட்டும் பார்த்தால் போதாது

காளான் வளர்ப்புப் பயிற்சிக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "ஒரு படுக்கைக்கு (வைக்கோலும் காளான் விதையும் அடுக்கிய பைக்கு) எத்தனை கிலோ வரும்?" என்பதைத்தான். நியாயமான கேள்வி, பிழைப்பே அதில்தான் இருக்கிறது. ஒரு கிலோ காய்ந்த வைக்கோலுக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை சிப்பிக்காளான் எடுத்தால் நல்ல விளைச்சல். ஆனால் பறித்த காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். பறிக்கும் முன் இன்னும் கொஞ்சம் தெளித்துவிட்டால் எடை கூடத்தான் செய்யும். மறுநாளே பாக்கெட்டுக்குள் கொழகொழத்து நாற்றமெடுக்கும். வாங்கியவர் அடுத்த முறை வரமாட்டார்.

இன்னும் பெருக்கட்டும் என்று பறிக்காமல் விடுவதும் தவறு. விளிம்பு மேல்நோக்கிச் சுருளத் தொடங்குவதற்குள் பறித்துவிட வேண்டும். தாமதித்தால் குடில் முழுக்க வித்துத்தூள் பறக்கும். அதைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு இருமல், காய்ச்சல், மூச்சுத்திணறல் என்று நுரையீரல் ஒவ்வாமை வரலாம். குடிலுக்குள் முகக்கவசம் கட்டாயம் போடுங்கள்.

சத்துக்கு வருவோம். செல்களுக்குத் தீங்கு செய்யும் மூலக்கூறுகளைத் தணிக்கும் பொருள்களை ஆன்டிஆக்சிடன்ட் என்கிறோம். காளானில் இருப்பவற்றில் தனித்துச் சொல்ல வேண்டியது எர்கோதயோனின். 1909-இல் கண்டறியப்பட்டது. இதை நம் உடலாலும் செடிகொடிகளாலும் உண்டாக்க முடியாது. பூஞ்சைகளும் சிலவகை பாக்டீரியாக்களுமே உண்டாக்குகின்றன. ஆனாலும் இதை உள்ளே எடுத்துக்கொள்வதற்கென்றே நம் செல்களில் ஒரு புரதம் இருப்பது 2005-இல் தெரியவந்தது. எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி இது. பொதுவாக மொட்டுக்காளானைவிடச் சிப்பிக்காளானில் இது அதிகம்.

எர்கோதயோனின் சூடு தாங்கும், ஆனால் தண்ணீரில் கரையும். நம் வீடுகளில் காளானை மஞ்சள் போட்டு வேகவைத்து, பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறோம். சத்தில் ஒரு பங்கு அதோடு போய்விடுகிறது. சுத்தமாக வளர்த்த காளானை ஓடும் நீரில் ஒருமுறை அலசி, நேராக வாணலியில் வதக்கினால் போதும். அது விடும் நீர் குழம்பிலேயே சேரட்டும்.

"ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்தது, புற்றுநோயைக் குணமாக்கும்" என்று காளான் பொடி விற்கிறார்கள். ஆய்வகத்தில் ஊதா நிறக் கரைசல் ஒன்றில் காளான் சாற்றைக் கலந்து, நிறம் எவ்வளவு வெளுக்கிறது என்று அளந்து சொல்வதுதான் அந்த ஆன்டிஆக்சிடன்ட் திறன். சோதனைக் குழாயில் நடப்பது நோயாளியின் உடலிலும் அப்படியே நடக்கும் என்பதற்கு அது சான்றாகாது. சிகிச்சையில் இருப்பவர்கள் இந்தப் பொடியை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள். சாப்பிட விரும்பினால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.