பெரிய ஏர்ஃப்ளோ சென்சார் போட்டால் கார் கூடுதலாக இழுக்குமா?

பாளையங்கோட்டையில் கார்களின் மின்னணுக் கோளாறுகளைப் பார்க்கும் சிறிய பட்டறை ஒன்றை நடத்திவருகிறேன். சென்ற ஆடி மாதத்தில் வள்ளியூரிலிருந்து ஒரு தம்பி தனது 1.8 லிட்டர் பெட்ரோல் செடானைக் கொண்டுவந்தார். டர்போ இல்லாத என்ஜின். "அண்ணாச்சி, நாங்குநேரி தாண்டி லாரிய முந்த மிதிச்சா, உள்ள சில்லறையக் குலுக்குற மாதிரி சத்தம் கேக்கு" என்றார்.

பானட்டைத் திறந்ததுமே காரணம் பாதி தெரிந்துவிட்டது. ஏர் ஃபில்டர் பெட்டியை அடுத்து, சென்சார் உட்காரும் இடத்தில், பளபளவென்று ஒரு புதிய அலுமினியக் குழாய் இருந்தது. வெர்னியர் வைத்து அளந்தேன். உள்விட்டம் 70 மில்லிமீட்டர். டிக்கியில் கிடந்த பழைய பிளாஸ்டிக் குழாயில் அது 60 மில்லிமீட்டர். சென்சாரை மட்டும் பழைய குழாயிலிருந்து கழற்றிப் புதியதில் திருகியிருந்தார்கள். "பழைய குழாய்தான் காற்றைத் தடுக்கிறது, இதைப் போட்டால் 15 குதிரைத்திறன் கூடும்" என்று விற்றவர் சொல்லியிருக்கிறார்.

ஏர்ஃப்ளோ சென்சாருக்குள் சூடாக்கப்பட்ட மெல்லிய கம்பியோ படலமோ இருக்கிறது. கடந்து செல்லும் காற்று அதைக் குளிர்விக்கும். வெப்பநிலை குறையாமல் காக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதிலிருந்து, நொடிக்கு எத்தனை கிராம் காற்று உள்ளே போகிறது என்று என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.எம். கணக்கிடுகிறது. ஆனால் அந்தக் கம்பி குழாயின் முழு அகலத்தையும் பார்ப்பதில்லை. தன்னை உரசிச் செல்லும் காற்றின் வேகத்தை மட்டுமே உணர்ந்து, "குழாய் இவ்வளவு அகலம்" என்று தொழிற்சாலையில் எழுதிவைத்த அட்டவணையை நம்பி மொத்தக் காற்றையும் சொல்கிறது. மளிகைக் கடைத் தராசில் எடைக்கல்லை மாற்றிவைத்தால் மூட்டையில் அரிசி கூடிவிடாது, கணக்குதான் கெடும்.

அந்தக் கணக்கு எவ்வளவு கெட்டது என்று பாருங்கள். விட்டம் 60-லிருந்து 70 ஆனால் குழாயின் பரப்பு 1.36 மடங்கு ஆகிறது. அதே காற்று அகலமான குழாயில் மெதுவாகப் போவதால், சென்சார் உண்மையான காற்றில் ஏறத்தாழ 73 சதவீதத்தையே காட்டும். நிதானமாக ஓட்டும்போது புகைபோக்கிக் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் இந்தப் பிழையைக் கண்டுபிடித்துப் பெட்ரோலைக் கூட்டிவிடும். அவருடைய காரில் லாங் டேர்ம் ஃப்யூயல் ட்ரிம், அதாவது இ.சி.எம். பெட்ரோல் அளவில் நீடித்துச் செய்யும் திருத்தம், +25 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றது. செக் என்ஜின் விளக்கு எரிந்தபோதெல்லாம், இணையத்தில் வாங்கிய சிறு ஸ்கேனரால் பி0171 என்ற (காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை என்னும்) கோளாறுக் குறியீட்டை அழித்துக்கொண்டே வந்திருக்கிறார். ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்கும்போது பல கார்களில் ஆக்ஸிஜன் சென்சாரின் சொல் எடுபடாது. அப்போது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்ற நிலை ஏற்படுகிறது. இதைவிடக் கெட்டது இன்னொன்று உண்டு. காற்று குறைவாக வருகிறது என்றால் என்ஜினுக்குச் சுமையும் குறைவு என்று எண்ணி, இ.சி.எம். ஸ்பார்க்கையும் முன்கூட்டியே கொடுத்துவிடும். அவர் கேட்ட சில்லறைச் சத்தம் அதுதான், நாக்கிங்; சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினோம். நான்கில் இரண்டின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் புள்ளிகள் இருந்தன. விளக்கடியில் திருப்பிப் பார்த்தால் சில புள்ளிகள் மின்னின. அது பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம்.

டர்போ இல்லாத என்ஜினின் திறன் சிலிண்டர் இழுக்கும் காற்றைப் பொறுத்தது. 1.8 லிட்டர் என்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் நொடிக்கு ஏறக்குறைய 90 லிட்டர் இழுக்க இடம் உண்டு. அதில் பத்தில் ஒன்பது பங்கு நிரம்புவதாகக் கொண்டால், 35 டிகிரி வெப்பத்தில் சுமார் 93 கிராம் வருகிறது. ஒரு குதிரைத்திறனுக்கு 0.75 கிராம் என்பது நாங்கள் வைத்திருக்கும் பட்டறைக் கணக்கு. அதன்படி 120-க்குச் சற்று மேல். நொடிக்கு 150 கிராம் வரை அளக்கக்கூடிய சென்சார் இருந்தால், அது 200 குதிரைத்திறன் வரை போதும். கேம் ஷாஃப்ட்டை மாற்றி, ஹெட்டைக் குடைந்து வேலை செய்த என்ஜினில் சென்சாரின் எல்லை குறுக்கே நிற்கலாம். நிறுவனம் கொடுத்தபடியே ஓடும் காரில் அந்த எல்லையைத் தொட்டதை நான் பார்த்ததில்லை.

"கடைசியில் ரீடிங் ஏறவே மாட்டேங்குது, சென்சார் முடிஞ்சிட்டு" என்று ஸ்கேனர் படத்தோடு வருபவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது முழுப் பொய்யும் அல்ல. 4,000 சுற்றில் 65 கிராம் காட்டிய அதே என்ஜின் 6,000-இல் 93 காட்டும்; 6,400-இல் 95-ஐத்தான் தொடும். வேகம் கூடக் கூட வால்வு திறந்திருக்கும் நேரம் சுருங்கி, ஒவ்வொரு முறையும் சிலிண்டர் நிரம்புவது குறைந்துபோவதால் கோடு மேலே போய்ப் படுத்துவிடுகிறது. இது என்ஜினின் மூச்சு முடியும் இடம். சென்சாரின் எல்லையா என்று அறிய வோல்டேஜைப் பார்க்க வேண்டும். ஐந்து வோல்ட் வகைச் சென்சாரில் வோல்டேஜ் ஐந்தை ஒட்டி அசையாமல் நின்று, சுற்று மட்டும் ஏறினால்தான் அது எல்லை. ஸ்கேனரில் எல்லாக் கார்களுக்கும் பொதுவான ஓ.பி.டி. (காரின் கோளாறறியும் முறை) அளவீடு 655 கிராம் வரை காட்ட முடியும் என்பதற்கும் உங்கள் சென்சாரின் எல்லைக்கும் தொடர்பே இல்லை.

குழாய் உண்மையிலேயே தடுக்கிறதா என்று காசு செலவழிக்கும் முன்பே பார்த்துவிடலாம். என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேனிஃபோல்ட் பிரஷர் சென்சாரும் சேர்ந்திருக்கும் கார்களில், என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பினால் வெளியழுத்தம் தெரியும். சமவெளியில் அது 100 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்கும். முழு மிதியில் 97 அல்லது 98 காட்டினால், ஃபில்டர் முதல் த்ராட்டில் வரை எல்லாம் சேர்ந்தே தின்பது இரண்டு மூன்று சதவீதம்தான். சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் இந்தப் பிரஷர் சென்சார் மட்டுமே உண்டு, ஏர்ஃப்ளோ சென்சாரே கிடையாது; அதற்கும் பெரிய சென்சார் கேட்டு வருகிறார்கள்.

நம் பகுதியில் ரீடிங் குறைவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. குற்றாலச் சாரலில் 25 டிகிரியில் இழுத்த கார், அக்கினி நட்சத்திரத்தில் 40 டிகிரியில் மந்தமாகத் தெரிந்தால் காற்றின் எடையே 5 சதவீதம் குறைந்திருக்கிறது. மாஞ்சோலைக்கு ஏறினால் 1,000 மீட்டருக்கு 10 சதவீதம் அளவுக்குக் குறையும். சென்சார் குறைத்துக் காட்டுவது அப்போது உண்மை. ஆடிக் காற்றில் ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் பறக்கும் செம்மண் தூசிதான் சென்சாரைப் பொய் சொல்ல வைக்கிறது. எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் போட்டவர்களுக்கு இது இரட்டிப்பு. எண்ணெய் கம்பியில் படிய, தூசி அதன்மேல் ஒட்டி, அதிகக் காற்று ஓடும்போது குறைத்துக் காட்டத் தொடங்கும். இதற்கென்று விற்கும் எம்.ஏ.எஃப். (ஏர்ஃப்ளோ சென்சார்) கிளீனரை, அதன் முனை கம்பியில் இடிக்காமல் தள்ளிப் பிடித்துக் கம்பிமேல் தெளித்து, தானாகக் காயவிட்டால் போதும். துணியால் துடைப்பதும், கார்புரேட்டர் கிளீனரை அடிப்பதும், கம்ப்ரசர் காற்றை விடுவதும் சென்சாரைக் கொன்றுவிடும். நான் ஆவணி பிறந்ததும் ஒருமுறை சுத்தம் செய்யச் சொல்கிறேன்.

வள்ளியூர்த் தம்பியின் காரில் பழைய குழாயையே மாட்டி, இ.சி.எம். கற்றுவைத்திருந்த பழைய திருத்தங்களை (அடாப்டேஷன்) அழித்துவிட்டு, நாற்கரச் சாலையில் இரண்டாவது கியரில் முழுதாக மிதித்துப் பார்த்தோம். முன்பு 70 கிராம் காட்டிய இடத்தில் 95 வந்தது, சத்தம் இல்லை. இரண்டு நாள் ஓட்டிய பிறகு ட்ரிம் +3-இல் நின்றது. ஆனால் மூன்றாவது சிலிண்டரின் கம்ப்ரஷன் மற்ற மூன்றையும்விடத் தாழ்ந்தே இருக்கிறது. ஹெட்டை இறக்கித்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்; தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்று நாள் கேட்டிருக்கிறார்.