வெள்ளமும் புயலும்: இராமநாதபுரம் கரையோரக் குடும்பங்களுக்கு அரசு தர வேண்டியவை

வறண்ட மாவட்டம் என்று பெயர் வாங்கிவிட்டதாலோ என்னவோ, இராமநாதபுரத்துக் கரையோரத்தில் வெள்ள நிவாரண விதிகளை அறிந்தவர் குறைவு. ஆனால் 2024 நவம்பர் 20-ஆம் தேதி தொடங்கிய 24 மணி நேரத்தில் இராமேஸ்வரத்தில் ஏறத்தாழ 44 செ.மீ. மழை கொட்டியது. உள்ளே கண்மாய்கள் நிரம்பி மறுகால் பாயும் நேரத்தில் கடலும் ஏறி நின்றால், தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை போன்ற தாழ்ந்த கரையோரப் பகுதிகளில் நீர் வடிய வழியிராது.

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர். வெளியேறும்படி அவர் இடும் உத்தரவை நியாயமான காரணமின்றி மீறுவது, ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். முகாமுக்கு வருபவரிடம் அரசுக்கும் கடமை உண்டு: தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வகுத்த குறைந்தபட்சத் தரத்தின்படி ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் இடமும், நாளொன்றுக்கு 3 லிட்டர் குடிநீரும், 30 பேருக்கு ஒரு கழிப்பறையும் தரப்பட வேண்டும். சாதி, மதம், பால் பார்த்து நிவாரணத்தில் வேறுபாடு காட்டுவதை அதே சட்டம் தடை செய்கிறது. ஒரே பள்ளிக்கூடத்தில் பல தெருக்காரர்கள் தங்க நேரும் ஊர்களில் இதை நினைவில் வைப்பது நல்லது.

கடலுக்குச் செல்வோருக்கு, பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டும், கடலுக்குச் செல்ல அனுமதிக்கும் டோக்கனை மீன்வளத் துறை தர மறுப்பதுமே முதல் அறிகுறி. அப்போது படகை மேடேற்றிக் கட்டி, வலையையும் இன்ஜினையும் பிரித்து உயரமான இடத்தில் வைத்துவிட வேண்டும். 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண். கடலில் ஆபத்து நேர்ந்தால் 1554-இல் கடலோரக் காவல் படையை அழைக்கலாம்.

இனி, பணம். ஒவ்வொரு பேரிடருக்கும் அரசு தனியே ஆணை பிறப்பிப்பதால் தொகை மாறக்கூடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையொட்டித் தமிழக அரசு உயர்த்தி அறிவித்தபடி, உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாய், சேதமடைந்த குடிசைக்கு 8,000, இறந்த பசு அல்லது எருமைக்கு 37,500, ஆட்டுக்கு 4,000 ரூபாய். முழுதும் சேதமான கட்டுமரத்துக்கு வலையும் சேர்த்து 50,000, வல்லம் வகைப் படகுக்கு ஒரு லட்சம், சேதமடைந்த வலைக்கு 15,000. விசைப்படகுக்கு மானியமாக அதிகபட்சம் ஏழரை லட்சம். மானாவாரிப் பயிரில் 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமிருந்தால் ஹெக்டேருக்கு 8,500 ரூபாய். படகும் வலையும் என்ன விலை விற்கின்றன என்று அறிந்தவருக்கு, இத்தொகை இழப்பை ஈடுகட்டப் போதாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எழுந்து நிற்பதற்கான முதல் கைத்தாங்கல் என்று கொள்வதே சரி. பயிர்க் காப்பீட்டுத் தொகை இதிலிருந்து வேறானது. அதற்கு முன்கூட்டியே பிரீமியம் கட்டியிருக்க வேண்டும்.

பெரும்பாலும் கைநழுவிப் போவது தொகையல்ல, பதிவுதான். வருவாய்த் துறையினர் நேரில் வந்து எடுக்கும் கணக்கெடுப்பில் பெயர் ஏறாவிட்டால், அந்த வீட்டார் பின்னர் பணம் வாங்குவது கடினம். படகென்றால் மீன்வளத் துறைப் பதிவும், பயிரென்றால் கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலும் நடப்பு நிலையில் இருக்க வேண்டும். ஆகவே மழை தொடங்குமுன் படகையும் வலையையும் ஆடுமாடுகளையும் கைபேசியில் படமெடுத்து, குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், பட்டா ஆகியவற்றின் நகலுடன் வெளியூரிலுள்ள உறவினருக்கு அனுப்பி வைப்பது பயன் தரும். நீர் வடிந்ததும் வீட்டைக் கழுவிவிட வேண்டுமென்ற அவசரம் எல்லோருக்கும் வரும். அதற்குமுன், சுவரில் சேற்றுக்கோடு நிற்கும் உயரம், சரிந்த மண்சுவர், செத்த ஆடு ஆகியவற்றைத் தேதி தெரியப் படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இறந்த கால்நடையைப் புதைக்குமுன் கால்நடை மருத்துவரின் சான்றும், உயிரிழப்பு நேர்ந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் பெறுவது அவசியம்.

பட்டியலில் பெயர் விடுபட்டிருந்தால் வட்டாட்சியரிடமும், அங்கும் தீர்வில்லையெனில் திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனுக் கொடுக்கலாம். எங்குக் கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம்.