ஆக்கபூர்வம்: எதிர்க்கட்சியை நோக்கி எறியப்படும் ஒரு சொல்

‘எதிர்க்கட்சி ஆக்கபூர்வமாகச் செயல்படவில்லை’ என்ற குற்றச்சாட்டை ஆளுங்கட்சி மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அங்கே அந்தச் சொல்லுக்குப் பெரும்பாலும் ‘எங்களோடு ஒத்துப்போகவில்லை’ என்பதே பொருளாகிவிடுகிறது. சொல்லின் வேரில் அந்தப் பொருள் இல்லை.

ஆக்கபூர்வம் தமிழும் வடமொழியும் கலந்த தொடர். முற்பகுதியான ஆக்கம், ‘ஆக்கு’ என்னும் வினையிலிருந்து பிறந்தது. ‘சோறு ஆக்கியாயிற்றா’ என்று வீட்டில் கேட்கிறோமே, அதே ஆக்குதான்: அரிசியும் நீரும் நெருப்பும் கூடி, சற்று முன்பு இல்லாத ஒன்று உண்ணும் பக்குவத்தில் இறங்குவது. வளர்ச்சி, செல்வம், படைப்பு ஆகிய பொருள்களும் இதற்கு உண்டு. பிற்பகுதியான பூர்வம் வடமொழியில் முன், கிழக்கு, பழமை எனப் பொருள்படும்; தொகைச்சொல்லின் ஈற்றில் வரும்போது ‘அதை முன்னிட்டு’, ‘அதை உடன்கொண்டு’ என்றாகும். சட்டபூர்வம், உணர்வுபூர்வம் ஆகியவையும் இதே அச்சில் வார்க்கப்பட்டவை. ஆங்கிலத்தின் ‘கன்ஸ்ட்ரக்டிவ்’ என்பதற்கு ஈடாக இது இன்று வழங்குகிறது. அந்தச் சொல்லும் அடுக்கிக் கட்டுதல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்ததே.

ஆக்கத்தை அழிவோடு சேர்த்தே எடைபோடுவது தமிழுக்குப் பழைய வழக்கம். ‘அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும் ஊதியமும் சூழ்ந்து செயல்’ என்கிறது குறள் (461). ஒரு செயலால் எது அழியும், எது ஆகும், பின்னர் என்ன ஊதியம் கிடைக்கும் என்று எண்ணியே இறங்க வேண்டும் என்பது கருத்து. எதிர்ப்பதற்கு இங்கே தடை எதுவும் இல்லை. அழிவதன் இடத்தில் ஆவது என்ன என்ற கேள்விதான் இருக்கிறது.

இந்தக் கேள்வியைச் சட்டமாகவே எழுதிவைத்த நாடு ஜெர்மனி. முதல் உலகப்போருக்குப் பின் ஹிட்லர் வரும்வரை அங்கே நிலவிய வைமார் குடியரசில், அடுத்து ஆள்வது யார் என்று சொல்லாமலே அரசின்மீது நாடாளுமன்றம் நம்பிக்கையின்மை தெரிவிக்க முடிந்தது. 1932 செப்டம்பர் 12 அன்று தலைமை அமைச்சர் பாப்பனின் அரசுக்கு எதிராகக் கம்யூனிஸ்டுகள் கொண்டுவந்த தீர்மானத்தை, அவர்களின் பரம எதிரிகளான நாஜிகளும் ஆதரித்தனர்; அரசுக்கு எதிராக 512 வாக்குகள், ஆதரவாக 42. வீழ்த்துவதில் கைகோத்த அந்த இரு தரப்பும் சேர்ந்து ஓர் அரசை அமைக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. அந்தப் பட்டறிவோடு எழுதப்பட்ட 1949ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டம் என்னும் மேற்கு ஜெர்மனியின் அரசியலமைப்பு, 67ஆம் பிரிவில், பதவியில் இருக்கும் தலைமை அமைச்சரை நாடாளுமன்றம் நீக்க ஒரே வழியை வைத்தது: அவருக்கு அடுத்தவரை உறுப்பினர்களின் பெரும்பான்மையால் தேர்ந்தெடுக்க வேண்டும். தீர்மானத்துக்கும் வாக்கெடுப்புக்கும் இடையே 48 மணி நேரம் கழிய வேண்டும் என்றும் விதித்தது. 1972இல் தலைமை அமைச்சர் வில்லி பிராண்டை இறக்க முயன்ற எதிர்க்கட்சித் தலைவர் ரைனர் பார்செல் 247 வாக்குகளே பெற்று, இரண்டு வாக்குகளில் தோற்றார். 1982 அக்டோபர் 1 அன்று எதிர்க்கட்சித் தலைவர் ஹெல்முட் கோல் 256 வாக்குகளோடு தலைமை அமைச்சர் ஹெல்முட் ஷ்மிட்டை நீக்கிப் பதவிக்கு வந்தார். ஆட்சியையே கவிழ்த்த அந்த நடவடிக்கைக்குச் சட்டவல்லுநர்கள் வழங்கும் பெயர் ‘ஆக்கபூர்வமான நம்பிக்கையில்லாத் தீர்மானம்’; அதில் அந்த அடைமொழி இருப்பதைக் கவனிக்க வேண்டும். கடுமைக்கும் ஆக்கத்துக்கும் பகை இல்லை.

அதனால்தான் ‘நேர்மறை’ என்பதை இதற்கு ஈடாக எழுதுவது பிழை என்று கருதுகிறேன். நேர்மறை மனநிலையைக் குறிப்பது. ஆக்கம் கையில் உள்ள மாற்றைக் குறிப்பது. தனித்தமிழில் எழுத விரும்புவோருக்கு ‘ஆக்கமான எதிர்ப்பு’, ‘ஆக்கமுறை நம்பிக்கையில்லாத் தீர்மானம்’ ஆகியவை இயல்பாக அமையும். பூர்வத்தை விடுவதால் பொருள் குறையாது. குறை சொல்லும் இடத்தில் இன்னும் வெளிப்படையாக, ‘இந்த மசோதாவுக்கு எதிர்க்கட்சியிடம் மாற்றுத் திட்டம் இல்லை’ என்றே எழுதலாம். அப்படி எழுதும்போது குற்றம் சாட்டுபவர் எந்த மசோதா என்று சொல்லியாக வேண்டும். எதிர்க்கட்சியும் தன் திருத்தத்தை அவையில் வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியும்.